இரவல்

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப்
பாலர்பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி:
வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய்.
மற்ற அப்பாக்கள் பெருமூச்சு விட்டு
விடுப்புக்கு எழுதிப்போடுவார்கள்.
நான் பையை எடுத்தேன்.

கைலி, மடிக்கணினி, பல்துலக்கி,
குளிர்பெட்டியில் முட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்திருந்த
மூன்று குப்பிகள்.
இதழினி இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
ஐந்து வயது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.
இருந்தாலும் முத்தம் கிடையாது.
விதியை அவள்தான் ஞாபகப்படுத்தினாள்:
"காத்துல குடுப்பா, போதும்."

கார்ப்பேட்டையைக் கடந்தால் அம்மாவின் புளோக்.
இதற்காகத்தான் எதிரெதிரே வீடு வாங்கினோம்.
மானியம் கிடைக்கிறது என்றுதான்
கேட்டவர்களுக்குச் சொன்னோம்.

அம்மா தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு
சாப்பாட்டு மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தாள்.
துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.
தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஓர் ஊசி, அந்தப் பக்கம் ஓர் ஊசி.
பம்பை முடுக்கினால் ஒன்றரை மணி நேரம்.
தோலுக்கடியில் இரண்டு இட்லி உப்பி வரும்,
செவ்வாய்க்கிழமைக்குள் கரைந்துவிடும்.

பதினெட்டு வயதில்
கூடப் படித்தவர்களெல்லாம் தலையை மழித்துக்கொண்டு
தெக்கோங் தீவுக்குப் படகேறினார்கள்.
எனக்கு ஒரு கடிதம் வந்தது.
ஆளு வாட்டசாட்டமாத்தானே இருக்கே,
எப்படிடா தப்பிச்சே, என்றான் மணிமாறன்.
இன்றைக்கும் மேசையில் முகாம் கதை தொடங்கினால்
எல்லாருக்கும் கோப்பி வாங்க எழுந்து போகிறவன் நான்.

படை இல்லாத நாடு என்று
என் ரத்தத்தை வரைந்து காட்டிய டாக்டர்
வாரா வாரம் வெளியிலிருந்து படை வரும் என்றார்.
எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை.
இவர்கள் வாடகைக்கு வருகிறவர்கள்.
மூன்று நான்கு வாரத்தில்
சொல்லாமல் காலி செய்துவிடுவார்கள்.
எந்த ஊர் என்று குப்பியில் எழுதியிருப்பதில்லை.
யாரோ ஒருத்தி ஒன்பது வயதில் பட்ட அம்மை,
யாரோ ஒருவன் விடுதி அறையில் தனியாக இருமித் தீர்த்த சளி,
இன்றிரவு என் வயிற்றில்
அவர்களுடைய ஞாபகமாக இறங்குகிறது.
நான் படாத பாட்டையெல்லாம்
இரவல் வாங்கித்தான்
நாளைக் காலை எம்.ஆர்.டி.யில்
தும்முகிற மனிதருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

அம்மாவின் தம்பி மூன்று வயதில் போய்விட்டான்.
காய்ச்சல் என்றார்கள், பிறகு கண்ணேறு என்றார்கள்.
அவனுக்கும் எனக்கும் ஒரே வழி என்று
டாக்டர் கோடு போட்டு இணைத்த அன்று
அம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
என்னிடம் எதுவும் கேட்டதில்லை.
மேசையைத்தான் இரண்டு முறை துடைக்கிறாள்.

இதழினிக்குச் சோதனைகூடத் தேவையில்லை.
என்னிடம் இருந்தது ஒரே ஒரு எக்ஸ்;
அதைத்தான் அவளுக்குக் கொடுத்தேன்.
அவளுக்கு ஒன்றும் வராது.
அவள் வழியாக வரலாம்.
இதை எந்த வயதில் சொல்வது?
சைக்கிள் ஓட்டக் கற்ற பிறகா,
முதல் காதல் வந்து வாடி உட்கார்ந்திருக்கும்போதா?
மருந்தின் பக்க விளைவுகளை
பதினோரு மொழிகளில் அச்சடித்த தாளில்
இதற்கு ஒரு வரி இல்லை.

எதிர் புளோக், எட்டாவது மாடி.
சமையலறை விளக்கு எரிந்தது, அணைந்தது,
எரிந்தது, அணைந்தது.
பல்பு போயிடும்டீ என்று
சுபத்ரா கத்துவது இங்கே கேட்காது,
ஆனால் கேட்டது.
குழாய்களோடு கட்டுண்டு நான் அசைய முடியாமல் இருக்க,
அம்மா எழுந்து போய்
எங்கள் பக்கத்து சுவிட்சைத் தட்டினாள்.
தட்டிக்கொண்டே இருந்தாள்,
எதிரில் ஓய்ந்த பிறகும் ஒரு முறை.

பம்ப் பீப் என்றது.
அம்மா தோசைக்கல்லை மறுபடி ஏற்றினாள்.
"எத்தனைடா?"
"நாலு" என்றேன். பிறகு,
"அஞ்சு."